பந்து போனதுக்கு அப்புறம் 5 செகண்ட்

போன வருஷம் ஜூன்ல ஒரு ஞாயித்துக்கிழமை, அண்டர் 13 செவன்ஸ் ஃபுட்பால், அதாவது டீமுக்கு 7 பேர், குவார்ட்டர் ஃபைனல். நாங்க 1-0 லீடிங். ஹாஃப் டைம் முடிஞ்சு 4 நிமிஷம்கூட ஆகல, எங்க டீம்லயே நல்லா ஆடுற பையன், நான் யோசிக்காம நடுவுல நிக்க வைக்கிற பையன், ஒரு சாதாரண பாஸை ட்ராப் (trap, வர்ற பந்தை கால்ல நிறுத்துறது) பண்ணப் போனான், பந்து கால்ல பட்டு ஒரு மீட்டர் தள்ளி ஓடிடுச்சு. எதிர் டீம் பையன் அதைத் தட்டிட்டு கிளம்பிட்டான். இவன் பின்னாடியே ஓடினான், ஆனா பந்தைப் பார்க்கவே இல்ல, அந்தப் பையனோட காலை மட்டும்தான் பார்த்தான், ரெண்டு காலையும் சேர்த்து கணுக்கால்ல விட்டுட்டான். ரெஃப்ரி யோசிக்கவே இல்ல, நேரா ரெட் கார்டு. மேட்ச் 3-1ல போச்சு.

தோத்தது எனக்கு பெரிய விஷயம் இல்ல, 12 வயசு பசங்க தோக்கத்தான் செய்வாங்க. அடிபட்ட பையனுக்கு நல்லவேளையா வீக்கத்தோட போச்சு. எனக்கு உறுத்துனது வேற. மேட்ச் முடிஞ்சு எங்க பையன் தண்ணி டேங்க் பின்னாடி போய் தனியா உக்காந்துட்டான். நான் போய் பக்கத்துல உக்காந்ததும் அவனே சொன்னான், "சார் நான் வேணும்னு பண்ணல, எப்படி ஆச்சுன்னே தெரியல சார்." பொய் சொல்ற முகம் இல்ல அது. நிஜமாவே அவனுக்குத் தெரியல.

ரெண்டு நாள் கழிச்சு அவங்க அம்மா மேட்ச் வீடியோவை வாட்ஸப்ல அனுப்பி விட்டாங்க. கோல் வந்ததை எடுக்கணும்னு ஃபோனை ஆன் பண்ணி வச்சிருந்திருக்காங்க, அப்படியே செகண்ட் ஹாஃபும் பதிவாயிருக்கு. அந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப பார்த்தேன். பந்து கால்ல இருந்து நழுவுது. உடனே ஒரு குரல், "என்னடா டச் அது!"ன்னு கிரவுண்டே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு கத்தல். அந்தக் கத்தலுக்கு அப்புறம்தான் அவன் ஓடவே ஆரம்பிக்கிறான். அந்தக் குரல் என்னுது.

இதை எழுத ஆரம்பிச்சதே அதனாலதான். நான் வட சென்னையில காலைல 5.45ல இருந்து 7.30 வரைக்கும் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் குடுக்கிறேன், அதுக்கப்புறம் வேலைக்குப் போறேன், 11 வருஷமா இதுதான் என் நாள். எங்க பக்கம் ஃபுட்பாலுக்கு ஆள் சேர்க்க கஷ்டப்படவே வேணாம். வியாசர்பாடியில பொறந்து வளந்த தனபால் கணேஷ் சென்னையின் எஃப்சிக்கு ஆடி 2017-18 சீசன்ல ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கப் ஜெயிச்ச டீம்ல இருந்தவர், எங்க பசங்களுக்கு அவர் டிவில வர்ற ஆள் இல்ல, பக்கத்து தெரு அண்ணன் மாதிரி. அதனால ஆசை இருக்கு, ஓட்டம் இருக்கு, பயமே கிடையாது. இல்லாதது ரெண்டு. பேசிக்ஸ், அப்புறம் பொறுமை. ரெண்டும் தனித்தனி பாடம்னுதான் நான் ரொம்ப வருஷமா நெனச்சிட்டிருந்தேன். பேசிக்ஸை கோன் வச்சு சொல்லிக் குடுக்கணும், பொறுமையை லெக்சர் அடிச்சு சொல்லிக் குடுக்கணும்னு.

அந்த வீடியோவுக்கு அப்புறம் ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். ப்ராக்டிஸ் கேம்லயும் மேட்ச்லயும் எந்தப் பையன் ஃபவுல் பண்ணினாலும், சண்டை போட்டாலும், பந்தைத் தூக்கி அடிச்சாலும், ரெஃப்ரிகிட்ட கையை விரிச்சுட்டுப் போனாலும், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதினேன். 3 மாசம் எழுதினேன். படிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே கதை. ட்ராப் சரியா வரல, பந்து போச்சு, அடுத்த 4, 5 செகண்ட்ல தப்பு. எதிர் டீம்காரன் சீண்டினதால வந்த கோபம் நான் நெனச்சதை விட ரொம்ப கம்மி. இவங்களுக்கு இவங்க மேலயே வர்ற அவமானம்தான் எதிர்ல நிக்கிறவன் கால்ல போய் முடியுது.

அப்படின்னா கோபத்தைச் சரி பண்ண முதல்ல ட்ராப்பைச் சரி பண்ணணும். இதுதான் எனக்குப் புரிஞ்சது.

எங்க கிரவுண்ட் மண் தரை, பாதி இடம் கல்லு, மழை பேஞ்சா ஒரு மூலை குளம். டர்ஃப்ல ஆடுற பசங்களுக்கு பந்து உருண்டு வரும், எங்க பசங்களுக்கு குதிச்சுக் குதிச்சு வரும். அதனால ட்ராப் கஷ்டம், ஆனா ஒழுங்கா கத்துக்கிட்டவனுக்கு வேற எங்க போனாலும் ஈஸி. நான் சொல்ற விதம் இதுதான்: கிரிக்கெட்ல கார்க் பால் கேட்ச் பிடிக்கும்போது கையை இறுக்கி வச்சா என்னாகும், தெறிச்சு போயிடும், விரல் போயிடும், அதனால கை தானா பந்தோட சேர்ந்து பின்னாடி போகுதுல்ல, அதே வேலையைத்தான் காலும் பண்ணணும். பந்து வர்றதுக்கு முன்னாடியே கால் முன்னாடி போய் நிக்கணும், படும்போது பந்தோடயே பின்னாடி வரணும், முட்டி லேசா மடங்கியிருக்கணும். மரக்கட்டை மாதிரி நின்னா பந்து தெறிக்கத்தான் செய்யும். சென்னைப் பையன் எவனுக்கும் இந்த கேட்ச் உதாரணம் ஒரே தடவையில புரிஞ்சிடும்.

பாஸுக்கு நேர் எதிரா இருக்கணும். புஷ் பாஸ், அதாவது பாதத்தோட உள் பக்கத்தால தள்ளுற பாஸ், அடிக்கும்போது கணுக்காலை இறுக்கணும், ஊணுற கால் பந்துக்குப் பக்கத்துல, அந்தக் காலோட விரல் பாஸ் போக வேண்டிய பக்கம் பார்த்து. புதுசா வர்ற பசங்க 10ல 8 பேர் விரல் நுனியால குத்துவாங்க, வேகமா போகுதுன்னு ஒரு சந்தோஷம். ஒரு மாசம் அதை விட வைக்கிறதுக்கே போயிடும். எங்களுக்கு ஒரு பழைய கோடவுன் சுவர் இருக்கு, அதுதான் எங்களோட பெஸ்ட் கோச்னு சொல்லுவேன். வந்ததும் வலது கால்ல 50, இடது கால்ல 50, சுவத்துல அடிச்சு ட்ராப் பண்ணணும், அதை முடிச்சாதான் மேட்ச். இடது கால் 50ஐ எல்லாரும் ஏமாத்துவாங்க. அப்போ நான் நந்தகுமார் சேகர் கோலைக் காட்டுவேன், 2023 ஆகஸ்ட் 12, ட்யூரண்ட் கப், கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம், ஈஸ்ட் பெங்காலுக்கு மோகன் பகான் மேல 1-0. வலது பக்கத்துல பந்து வாங்கி, உள்ள வெட்டி, இடது கால்ல வளைச்சு விட்டாரு. நம்ம சென்னைப் பையன், அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவுல. அந்த வீடியோவைப் பார்த்த அன்னைக்கு மட்டும் இடது கால் 50 ஒழுங்கா முடியும், அடுத்த நாள் மறுபடியும் எண்ணிக்கை குறையும், நான் மறுபடியும் காட்டுவேன்.

ஒரு பொண்ணும் எங்ககூட ஆடுது, 11 வயசு. ஆரம்பத்துல பசங்க அவளுக்கு பாஸே தரல, அவ போய் சுவத்துகிட்டயே நின்னு ஆடிட்டிருந்தா, இப்போ டீம்லயே சுத்தமான ட்ராப் அவளோடதுதான். பசங்க இப்போ அவளைத் தேடித் தேடி பாஸ் குடுக்குறாங்க.

பந்து சைஸ் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா நிறைய இடத்துல இந்தத் தப்பைப் பார்க்கிறேன். பெரியவங்க ஆடுற சைஸ் 5 பந்து 410ல இருந்து 450 கிராம், சுத்தளவு 68ல இருந்து 70 சென்டிமீட்டர். அதை 9 வயசு பையன் காலுக்குக் குடுத்தா அவன் அதைத் தள்ளத்தான் முடியும், ட்ராப் பண்ண முடியாது. சைஸ் 4 அதை விட 60 கிராம் போல கம்மி, 12 வயசு வரைக்கும் அதுதான் சரி. காத்தும் முக்கியம், கல்லு மாதிரி அடைச்சு வச்சா நல்ல ட்ராப்கூட தெறிக்கும். ஹெட்டிங்கை நான் சின்னப் பசங்களுக்கு சொல்லிக் குடுக்கிறதே இல்ல, இங்கிலாந்துல 2020ல இருந்தே ப்ரைமரி ஸ்கூல் வயசு பசங்களுக்கு ட்ரெய்னிங்ல ஹெட்டிங் வேணாம்னு சொல்லிட்டாங்க. அதைப் பத்தி தனியா எழுதுறேன்.

ட்ராப்புக்கு அடுத்து தோள். பந்து வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பின்னாடி திரும்பிப் பார்க்கணும். நான் பின்னாடி நின்னு விரலைத் தூக்கிக் காட்டுவேன், 2 விரலா 4 விரலான்னு சத்தமா சொல்லிட்டுதான் பந்தை வாங்கணும். இது வந்துட்டா பையன் பதட்டப்படுறது குறையுது, இதை நான் கண்ணால பார்த்தேன். பின்னாடி யாரு வர்றான்னு தெரிஞ்சவனுக்கு அவசரம் இருக்காது, அவசரம் இல்லாதவன் கால்ல பந்து நிக்கும், பந்து நின்னா அவமானமும் இல்ல, கோபமும் இல்ல.

ஆனாலும் பந்து போகத்தான் செய்யும். மெஸ்ஸி கால்ல இருந்தே போகுது. அப்போ அந்த 5 செகண்ட்ல என்ன பண்ணணும்னு சொல்லிக் குடுக்கணும். "கோபப்படாதடா"ன்னு நான் 10 வருஷம் சொல்லிப் பார்த்தேன், ஒண்ணும் நடக்கல. கோபம் வர்றது அவன் கையில இல்ல, வந்த கோபத்துக்கு ஒரு வேலை குடுக்கிறதுதான் நம்ம கையில. பார்சிலோனாவுல கார்டியோலா கோச்சா இருந்தப்போ ஒரு விஷயம் ரொம்ப பேசப்பட்டுச்சு, பந்து போன அடுத்த 5 செகண்ட்குள்ள எல்லாரும் சேர்ந்து திருப்பி எடுக்கப் பார்க்கணும், முடியலன்னா பின்வாங்கி ஷேப்புக்கு, அதாவது அவங்கவங்க இடத்துக்கு வந்துடணும். அவங்களுக்கு அது ஆட்ட வியூகம். நான் அதை எடுத்துட்டு வந்தது இந்தப் பசங்க மனசுக்காக.

ரோண்டோ ஆடுவோம், வெளிய 5 பேர் வட்டமா நின்னு பாஸ் குடுப்பாங்க, நடுவுல 2 பேர் பந்தைப் பறிக்கப் பார்ப்பாங்க. பந்தை விட்டவன் எதுவும் பேசக் கூடாது, தலையில கை வைக்கக் கூடாது, யாரையும் பார்த்து கை நீட்டக் கூடாது, உடனே உள்ள ஓடி 5 செகண்ட் துரத்தணும், மத்தவங்க சத்தமா எண்ணுவாங்க. எடுத்துட்டா அவன் திரும்ப வெளிய வந்துடலாம். முதல் வாரம் கேவலமா இருந்துச்சு, பாதிப் பேர் பந்து போனதும் நின்னு ஒருத்தனை ஒருத்தன் திட்டுறதுலயே 5 செகண்ட் முடிஞ்சிடும். ஒன்றரை மாசத்துல மாற ஆரம்பிச்சுது. கால் ஓட ஆரம்பிச்சுட்டா வாய் தானா நின்னுடுது. முக்கியமா, துரத்தும்போது கண்ணு பந்து மேலதான் இருக்கணும், காலைப் பார்த்தா ஃபவுல்தான் வரும். அந்தப் பையனுக்கு நான் சொன்ன ஒரே விஷயம் அதுதான், "பந்தைப் பாருடா தம்பி, அவன் காலைப் பார்க்காத."

ரெஃப்ரி விஷயத்துக்கு வேற ஒரு பயிற்சி வச்சேன். ப்ராக்டிஸ் மேட்ச்ல 10 நிமிஷம் வேணும்னே தப்பா விசில் அடிப்பேன். முதல் தடவை சொல்லாம பண்ணிட்டேன், ஒரு சின்னப் பையன் அழுதுட்டான், அது என் தப்பு. இப்போ முன்னாடியே சொல்லிடுறேன், இன்னைக்கு 10 நிமிஷம் சார் தப்பா ஊதுவேன், எப்போன்னு சொல்ல மாட்டேன், யாரு ஆட்டத்தை நிறுத்தாம ஆடுறீங்கன்னு பார்க்கிறேன்னு. கேப்டன் மட்டும்தான் என்கிட்ட வந்து பேசலாம். 2024 யூரோ கப்ல இதையே ரூலா கொண்டு வந்தாங்க, கேப்டனைத் தவிர யாரும் ரெஃப்ரியைச் சுத்தி நின்னு சண்டை போடக் கூடாதுன்னு, அதைச் சொன்னதும் பசங்களுக்கு ஒரு கெத்து வந்துடுச்சு, பெரிய ஆளுங்க ரூலை நாமளும் ஆடுறோம்னு. வாரா வாரம் கேப்டனை மாத்துறேன். சண்டைக்காரப் பையன்கிட்ட கேப்டன் பேண்டைக் குடுத்துப் பாருங்க, மத்தவனை இழுத்துட்டு வர்ற முதல் ஆள் அவனாத்தான் இருப்பான்.

2006 வேர்ல்ட் கப் ஃபைனலை எல்லாப் பசங்களும் யூட்யூப்ல பார்த்திருக்காங்க. பொறக்கறதுக்கு முன்னாடி நடந்த மேட்ச், ஆனா பிரான்ஸ் கேப்டன் ஜிடான், இத்தாலி ஆட்டக்காரர் மாட்டராஸியோட நெஞ்சுல தலையால முட்டினது எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் அதைப் பத்திப் பேசிட்டிருந்தப்போ ஒரு பையன் கேட்டான், "ஜிடானோட அக்காவை மாட்டராஸி தப்பா பேசினா அவர் சும்மா இருக்கணுமா சார்? எங்க அம்மாவைத் திட்டினா நான் சும்மா இருக்கணுமா?" கிரவுண்ட்ல இருந்த 20 பேரும் என் முகத்தையே பார்த்தாங்க. இந்தக் கேள்விக்கு சுலபமா ஒரு பதில் சொல்லிட்டு நகர முடியாது. எங்க ஏரியாவுல அம்மாவை இழுத்துத் திட்டுறது தினமும் காதுல விழுற விஷயம், அதுக்கு சும்மா இருந்தா ஆம்பளையா நீன்னு கேக்குற ஊர்.

நான் அன்னைக்கு பதில் சொல்லல, நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ராத்திரி முழுக்க யோசிச்சேன். மறுநாள் சொன்னது இதுதான். சும்மா இருக்கச் சொல்லல. ரூல் புக்ல 12வது ரூல் இருக்கு, கேவலமா திட்டினா அதுக்கும் ரெட் கார்டுதான், ஃபவுலுக்கு மட்டும் இல்ல. ரூல் உன் பக்கம் இருக்கு. உன் கேப்டன்கிட்ட சொல்லு, அவன் ரெஃப்ரிகிட்ட சொல்லட்டும், ரெஃப்ரி கேக்கலன்னா என்கிட்ட வா, மேட்ச் முடிஞ்சதும் அவங்க கோச்கிட்ட நானே போய் பேசுறேன். உங்க அம்மாவுக்காக நான் பேசுறேன்டா. ஜிடானுக்கு அன்னைக்கு நடந்ததை நெனச்சுப் பாரு, கெரியரோட கடைசி மேட்ச், 7வது நிமிஷத்துல கோல் போட்டவர், 110வது நிமிஷத்துல தலையைக் குனிஞ்சுட்டு அந்தக் கப்பைத் தாண்டி உள்ள நடந்து போனாரு, டை பிரேக்கர்ல, அதாவது பெனால்டி ஷூட் அவுட்ல, இத்தாலி ஜெயிச்சுது. திட்டினவர் கப்பைத் தூக்கினாரு. கேட்ட பையன் ரொம்ப நேரம் எதுவும் பேசல. அவனுக்கு முழுசா ஒத்துக்க மனசு வரலன்னு தெரிஞ்சுது, நானும் வற்புறுத்தல. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு தடவை அவன் என்கிட்ட வந்து சொல்லியிருக்கான், நானும் சொன்ன மாதிரியே எதிர் கோச்கிட்ட போய் பேசியிருக்கேன். பேசாம விட்டிருந்தா அடுத்த தடவை அவன் வந்திருக்கவே மாட்டான்.

பெக்காம் கதையை நான் இன்னும் அதிகமா சொல்லுவேன், அதுல முடிவு வேற மாதிரி இருக்கு. 1998 வேர்ல்ட் கப், அர்ஜென்டினாகூட, சிமியோனி பின்னாடி இருந்து இடிச்சுத் தள்ளினதும் கீழ படுத்திருந்தபடியே காலைத் தூக்கி ஒரு தட்டு, ரெட் கார்டு, இங்கிலாந்து டை பிரேக்கர்ல அவுட். அவர் ஊர் ரசிகருங்களே அவரை எவ்வளவு கேவலமா பேசினாங்க. 4 வருஷம் கழிச்சு 2002 வேர்ல்ட் கப்ல, ஜப்பான்ல சப்போரோவுல அதே அர்ஜென்டினா, அவர்தான் கேப்டன், பெனால்டி அடிச்சு 1-0. ரெட் கார்டு வாங்கின பையன்கிட்ட இந்தக் கதையைச் சொன்னப்போ அவன் கேட்டது, "4 வருஷமா சார்?" ஆமாடா, 4 வருஷம்.

அப்புறம் பசி. இதை நான் லேட்டாத்தான் கவனிச்சேன். நோட்டுல திங்கக்கிழமை காலை சண்டை அதிகமா இருந்துச்சு. ஏன்னு விசாரிச்சா, ஞாயித்துக்கிழமை ராத்திரி சில வீட்டுல அப்பா குடிச்சுட்டு வந்து ரகளை, பையன் தூங்கல, சாப்பிடல, அப்படியே காலைல 5.30க்கு கிரவுண்டுக்கு வந்துடுறான், ஏன்னா வீட்டை விட இங்க வர்றது அவனுக்கு நிம்மதி. அவன்கிட்ட போய் எமோஷனல் கன்ட்ரோல் பத்திப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கு? இப்போ ப்ராக்டிஸுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு வாழைப்பழம், முடிஞ்சதும் சுண்டல், நாலு ஃப்ரெண்ட்ஸ் மாசா மாசம் காசு தர்றாங்க. திங்கக்கிழமை ட்ரில்லை லேசா வச்சிக்கிறேன், யார் முகம் வாடியிருக்குன்னு பார்த்து அவங்களை கோன் வைக்கக் கூப்பிடுறேன், கோன் வச்சுட்டே ஏதாவது சொல்லுவாங்க, சொல்லாமலும் இருப்பாங்க.

பெத்தவங்ககிட்டயும் பேசினேன். சைடு லைன்ல நின்னு "அடிடா, விடாதடா"ன்னு கத்துறவங்க அவங்க. அவங்களைத் தப்பு சொல்றதுக்கு முன்னாடி அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன், என் குரல் எங்க வருதுன்னு காட்டினேன். அந்தப் பையனோட அம்மா சொன்னாங்க, "சார், அவங்க அப்பா கத்தினாலும் இப்படித்தான் சார் விறைச்சு நிப்பான்." எனக்கு அதுக்கு மேல பேச்சு வரல. "அக்கா, நான் மாத்திக்கிறேன்"னு மட்டும் சொன்னேன். அதுல இருந்து பந்து பையன் கால்ல இருக்கும்போதும், போன உடனேயும் நான் வாயே திறக்கிறதில்ல. சொல்ல வேண்டியது எதுவா இருந்தாலும் பந்து வெளிய போன பிறகு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, என்ன பண்ணணும்னு மட்டும். இந்தப் பழக்கத்துக்கு வர்றதுக்கு எனக்கு அவங்க எல்லாரையும் விட அதிக நாள் ஆச்சு.

இந்த வருஷம் பொங்கலுக்கு ஒரு டோர்னமென்ட், செமி ஃபைனல். 0-0ல முடிஞ்சு டை பிரேக்கர்ல தோத்தோம், அந்த ரெட் கார்டு வாங்கின பையன் அடிச்ச பெனால்டி போஸ்ட்ல பட்டு வெளிய போயிடுச்சு, அழுதான், அழுதுட்டே போய் எதிர் கோலிக்கு கை குடுத்தான். மேட்ச் முடிஞ்சு சாயந்திரம் அவங்க அம்மா இதையும் எடுத்து அனுப்பியிருந்தாங்க. நான் பெனால்டியைப் பார்க்கல, அதுக்கு முன்னாடி செகண்ட் ஹாஃப்ல ஒரு இடம் இருக்கு, அதைத் தேடிப் பார்த்தேன். நடுவுல அவன் ட்ராப் பண்ணப் போறான், கல்லுல பட்டு பந்து எகிறி அவன் முட்டியில பட்டு போயிடுது. சைடு லைன்ல நான் கையைக் கட்டிட்டு நிக்கிறேன். அவன் ஒரு செகண்ட் அப்படியே நிக்கிறான். அப்போ பின்னாடி இருந்து ஒரு குரல் கேக்குது, அந்தப் பொண்ணோட குரல், "திரும்புடா, நான் இருக்கேன்!" அவன் திரும்பி ஓடுறான், பந்தைப் பார்த்துட்டு.